உப்புக் காற்றும் ஒரு பழைய ஜீப்பும்

மாடு வாங்கச் செல்பவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழியைத் தேடுவான், நான்கடி நடத்திப் பார்ப்பான். தம்பலகாமத்து வயல்வெளியில் வாழ்நாளைக் கழித்த என் தாய்மாமனார், "விற்கிறவன் வாயைப் பார்க்காதே, மாட்டின் காலைப் பார்" என்று அடிக்கடி கூறுவார். அவர் காலத்து மாட்டுத் தரகு இன்று மோட்டார் வண்டித் தரகாக மாறிவிட்டது. அவரது வாக்கு மட்டும் மாறவில்லை என்பதைச் சென்ற மாதங்களில் நான் நேரிலே கண்டறிந்தேன்.

திருகோணமலைப் பட்டினத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிளே நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. ஆனால், என் தாயார் வசிப்பது கொட்டியாரக் குடாவின் மறுகரையிலே, மூதூருக்கு அப்பால், சம்பூரில். 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் அவ்வூர் மக்கள் அனைவரும் வெளியேறினர். கிளிவெட்டி முகாமின் தகரக் கொட்டிலிலே ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிட்டு, 2015ஆம் ஆண்டிற்குப் பின்னரே அவர்கள் தங்கள் மண்ணுக்கு மீண்டனர். மீண்டு வந்த அம்மா, சிதைந்து கிடந்த கிணற்றைத் துப்புரவாக்கி, தென்னங்கன்று நட்டு, "இனி இந்த வளவை விட்டு ஒரு இராப் பொழுதும் வெளியே தங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்கு எதிர்வார்த்தை சொல்ல எவருக்கு மனம் வரும்?

ஆயினும், முதுமைக்கு மருத்துவம் வேண்டும். மாதம் ஒருமுறை அவரைத் திருகோணமலை வைத்தியசாலைக்கு அழைத்து வருவதும், மாலையிலே திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் கடமை. சென்ற மாரியில் ஒரு நாள், வாடகைக்கு அமர்த்திய முச்சக்கர வண்டி இறால்குழிக்கு அருகில் தெருவை மூடிய வெள்ளத்தில் நின்றுபோயிற்று. எழுபத்தைந்து வயது மூதாட்டி முழங்கால் அளவு நீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றிரவு நான் உறங்கவில்லை. நிலத்திலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் ஒரு சிறிய ஜீப்பு வாங்கியே தீருவது என்று விடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

தீர்மானம் எளிது, பணம் எளிதன்று. நானும் மனைவியும் பத்து வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது மகளின் மேற்படிப்புக்காக. "அம்மாவுக்காக என்றால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஏமாந்து மட்டும் வந்துவிடாதீர்கள், இரண்டாம் முறை சேர்க்க எங்களுக்கு வயது இல்லை," என்றாள் மனைவி. இந்த ஒரு வாக்கியமே பிறகு எனக்கு வழிகாட்டியாயிற்று.

இன்று எஸ்.யூ.வி. என்று உலகம் வழங்கும் வண்டி வகை முழுவதையும் எங்களூரார் 'ஜீப்' என்ற ஒரே பெயரால் அழைப்பர். அப்பெயர் இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்க இராணுவ வண்டிக்குரியது. கரடுமுரடான நிலத்திலே ஓடுவதற்கென்று பிறந்த அவ்வினம் காலப்போக்கில் நகரத்துக்கேற்ற மென்மையும் பெற்றது. 1988இல் யப்பானின் சுசுகி நிறுவனம் வெளியிட்ட எஸ்கியூடோவும், 1994இல் டொயோட்டா வெளியிட்ட 'ராவ் ஃபோர்' வண்டியும் சிறிய ஜீப்புகளைக் குடும்ப வண்டிகளாக்கிய முன்னோடிகள். பின்வந்த நிசான் எக்ஸ்ட்ரெயில், டைகாட்சு டெரியோஸ், ஹொண்டா வெசெல் முதலியவை இலங்கைத் தெருக்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றன.

புதிய வண்டி எம்மைப் போன்றோருக்கு எட்டாக்கனி. பழையதும் மலிவாகக் கிடைப்பதில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அமெரிக்க டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிற்று. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்றவர் பலர். ஆகவே, எங்கள் சந்தையிலுள்ள பழைய வண்டி, வயதால் மட்டுமல்ல, உழைப்பாலும் களைத்த வண்டியாகும். அதைத் தெரிந்தெடுக்கக் கல்லூரிக் கல்வி உதவாது. எனவே, கிண்ணியாவில் கராஜ் நடத்தும் ஒரு நானாவை நாடினேன். முப்பது வருடங்களாக எஞ்சின் எண்ணெயிலே கை நனைத்தவர், பேச்சுக் குறைவு, பார்வை கூர்மை.

முதலிலே நாங்கள் பார்த்த வண்டி பட்டினத்திலேயே, கடற்கரையோரத்து வீடொன்றில் நின்றது. வெள்ளை நிறம், முகம் பார்க்கலாம் போன்ற மினுக்கம். நான் மயங்கிவிட்டேன். நானாவோ ஒரு பழைய பாயை விரித்து, கைவிளக்குடன் வண்டிக்கு அடியிலே புகுந்தார். சிறிது நேரத்தில் வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதிலே கருஞ்சிவப்பான துருச் செதில்கள்.

"சேர், மேல கலியாண வீடு, கீழ மௌத்து வீடு," என்றார்.

திருகோணமலையின் பெருமையும் சிறுமையும் அதன் கடலே. மலைகள் அரண்செய்த உட்துறைமுகமும், வெளியே விரிந்த கொட்டியாரக் குடாவும், பட்டினத்தின் மறுபுறத்து ஒல்லாந்தர் குடாவும் எம்மைச் சூழ்ந்துள்ளன. எத்திசைக் காற்று வீசினும் அதிலே உப்புண்டு. இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்போ அந்த நீரின் ஈரத்தைப் பிடித்துவைத்து, மின்னோட்டத்திற்கும் வழிசெய்து, துருவை விரைவுபடுத்துகிறது. மேற்பூச்சு மறைத்துக்கொள்ளும், அடிச்சட்டம், கதவின் கீழ்விளிம்பு, மாற்றுச் சில்லு வைக்கும் பள்ளம், பிறேக்கு எண்ணெய் ஓடும் மெல்லிய குழாய் ஆகியன மறைக்கா. புதிதாகக் கருந்தார் பூசப்பட்ட அடிப்பாகத்தைக் கண்டால், அது பாதுகாப்பா, மூடிமறைப்பா என்று தட்டிப் பார்த்து அறிய வேண்டும் என்றார் நானா. துணி சுற்றிய சிறு காந்தமொன்றும் அவர் சட்டைப்பையில் இருந்தது. தகட்டிலே ஒட்டும் காந்தம், மாப்பசை பூசி நிரப்பிய இடத்தில் ஒட்டாது. அந்த வெள்ளை வண்டியின் பின்கதவருகே மூன்றிடங்களில் காந்தம் நழுவி விழுந்தது.

இரண்டாவது வண்டி வேறு மாகாணத்திலிருந்து வந்தது. விலை நியாயம், ஓடிய தூரமும் குறைவாகவே காட்டியது. நானா இருக்கைப் பட்டியை அதன் நுனிவரை வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்திலே மங்கலான மண்ணிறக் கோடு தெரிந்தது. கால்மிதி விரிப்பைத் தூக்கினார். இருக்கைகள் நகரும் தண்டவாளத்திலே துரு. மூலையிலே மெல்லிய வண்டல். முன்விளக்கின் கண்ணாடிக்குள் ஈரத் திவலைகள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி!

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த பெருவெள்ளத்தை நாம் மறந்துவிடவில்லை. நாட்டின் பல பாகங்களிலும் வீடுகளோடு வண்டிகளும் மூழ்கின. அவற்றைக் கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்பவர் உளர். இக்கால வண்டிக்குள்ளே நரம்புபோல் ஓடும் மின்கம்பிகளும் சிறு கணினிகளும் நீர்பட்டவுடன் சாவதில்லை. மாதங்கள் கழித்து, இடமறியா ஓரிடத்திலே, பிள்ளைகுட்டிகளோடு போகும்போது ஓய்ந்துவிடும். ஆகவே, வெள்ளம் கண்ட வண்டியை எவ்வளவு மலிவாயினும் தொடாதிருத்தலே நன்று.

மூன்றாவது வண்டி எஞ்சினிலும் உடலிலும் தேறிற்று, தாளிலே தவறிற்று. விற்பவர் காட்டிய பதிவுச் சான்றிதழின் பிரதியில் ஒரு நிதிக் கம்பனியின் பெயரும் முழு உரிமையாளர் என்று பொறிக்கப்பட்டிருந்தது. லீசிங் கடன் தீரும்வரை வண்டியின் உண்மையான சொந்தக்காரர் அக்கம்பனியே. "கடைசித் தவணை அடுத்த மாதம் முடியும், இப்போது பணத்தைத் தாருங்கள்" என்றார் அவர். அவர் உண்மையே உரைத்திருக்கலாம். ஆயினும், மகளின் படிப்புப் பணத்தை ஒருவருடைய நாவின் மீது வைக்க எனக்குத் துணிவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மூலச் சான்றிதழ், அதிலுள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல், நடப்பாண்டின் வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகிய நான்கையும் பாராமல் முற்பணம் கொடுத்தல் ஆகாது. பெயர் மாற்றாமல் வெற்றுக் கையொப்பத் தாள்களுடன் கைமாறி வந்த வண்டியும் அத்தகையதே. நாளை ஒரு விபத்தோ வழக்கோ வந்தால், யார் சொந்தக்காரர் என்று நிரூபிக்க அலைய நேரிடும்.

மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பிய எனக்குச் சலிப்பு உண்டாயிற்று. "எந்தக் கம்பனி வண்டிதான் நல்லது நானா?" என்று கேட்டேன்.

"நல்ல கம்பனி இருக்கு சேர். ஆனா அதைவிட முக்கியம் நல்ல கைக்காரன். அவன் எப்படி வச்சிருந்தான் எண்டுதான் பார்க்கணும்," என்றார். பின்பு தேநீர் அருந்தியவாறே எனக்கொரு பாடம் நடத்தினார். பழைய எஸ்கியூடோ, கிராண்ட் விற்றாரா போன்றவை உறுதியான அடிச்சட்டமுடையன. மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்றவை. பெற்றோல் கூடக் குடிக்கும். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்தியங்கும் கலப்பின வண்டிகள் சிக்கனமானவை. ஆனால், அவற்றின் பெரிய பற்றறி தேய்ந்திருந்தால் சேமித்த பெற்றோல் பணம் முழுவதும் அதற்கே போய்விடும். ஆகவே, பற்றறியின் நிலையைக் கணினியால் சோதித்த அறிக்கை வேண்டும். வெசெல் கலப்பின வண்டி யப்பானில் 2013 டிசம்பரில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டிலேயே அதன் இரட்டைக் கிளச்சுக் கியர் அமைப்பின் கட்டுப்பாட்டுத் திருத்தத்துக்காகத் தயாரிப்பாளராலேயே திருப்பியழைக்கப்பட்டது. ஆரம்பகால வண்டியை வாங்குவோர், அத்திருத்தம் செய்யப்பட்டதா என்று விசாரித்தல் வேண்டும். கியர் மாற்றமே தெரியாமல் வழுக்கிச் செல்லும் சி.வி.டி. வகையிலே, அதற்குரிய எண்ணெய் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டதா என்பதே கேள்வி. யப்பானிய ஏலத்தில் வாங்கி வந்த வண்டிக்கு ஏலத்தாள் உண்டு. அதிலே 'ஆர்' என்ற எழுத்து இருந்தால், விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது என்பது பொருள்.

நான்காவது வண்டியை எமக்குக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தர். பதினைந்து வயதைக் கடந்த யப்பானிய ஜீப்பு. மங்கிய சாம்பல் நிறம். கதவிலே மதிலில் உரசிய கீறல். அதை அவர் மறைக்கவில்லை. தாமே விரல் வைத்துக் காட்டினார். வண்டி தரித்த கொட்டகை கடலிலிருந்து விலகி இருந்தது. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றியதும், ரயர் மாற்றியதும், பிறேக்குத் தகடு மாற்றியதும் திகதியோடு ஓர் அப்பியாசக் கொப்பியிலே எழுதப்பட்டிருந்தன. அந்தக் கொப்பியைப் புரட்டிய நானா முதன்முறையாகப் புன்னகைத்தார்.

ஆயினும், பரீட்சை பரீட்சையே. வைகறையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருவதாகச் சொல்லிச் சென்றோம். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறையைக் காட்டாதாம். முதல் முயற்சியிலேயே இயங்கிற்று. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் பெற்றோல் முழுதும் எரியவில்லை. வெண்புகை அடங்காது தொடர்ந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. இங்கே மூன்றும் இல்லை. எண்ணெய் மூடியின் அடியிலே பால்போன்ற பசை இல்லை. ரயரின் பக்கத்திலே பொறித்த நான்கு இலக்கங்கள், முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன, கொப்பியோடு ஒத்தன.

முதலில் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஏறினோம். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை அது. புள்ளிமான்கள் வழிமறித்து நின்றன. பிறேக்கு வலமிடம் இழுக்காமல் நேராகப் பிடித்தது. சுவாமி மலையை நோக்கிய ஏற்றத்திலே எஞ்சின் மூச்சுத் திணறவில்லை. இறங்கி நின்று கோணேசப் பெருமானைத் தொழுதேன். "தொழுதது போதும் சேர், வெப்பமானியைப் பாருங்கோ," என்றார் நானா. முள் நடுவிலே அசையாமல் நின்றது.

பின்னர் உட்துறைமுகத்தைச் சுற்றிச் சீனக்குடாவை அடைந்தோம். காட்டினிடையே பிரித்தானியர் கட்டிய பாரிய எண்ணெய்த் தாங்கிகள் தென்பட்டன. 99 தாங்கிகள் அங்குள்ளன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அதே யப்பானின் வண்டியிலே அவ்வழியே நான் செல்வதை எண்ணிக் காலத்தின் விந்தையை வியந்தேன். 2022இல் இத்தாங்கிகள் நிற்கும் மாவட்டத்திலேயே, பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, அதுவும் கிடையாமல் நாட்கணக்கில் வரிசையிலே நின்றோம். அக்காலத்தை நினைந்து, பெரிய எஞ்சின் வேண்டாம் என்று நான் முன்னரே முடிவு செய்திருந்தேன்.

2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமுடையது. அதற்கு முன்னர் மிதவையிலேறியே அக்கரை சேர்ந்தோம். என் மாணவப் பருவத்தில் மூதூரிலிருந்து லாஞ்சிலே குடாவைக் கடந்தபோது அலைக்கு அஞ்சி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. குடாவைப் பார்க்குந்தோறும் இன்னொரு கதையும் நினைவில் எழும். புயலிலே பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. 1660இல் கரையிறங்கிய மாலுமிகளைக் கண்டி அரசனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவரான ரொபேட் நொக்ஸ் தப்பியோட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. வாகனம் பழுதானால் வழிப்போக்கன் கதி என்னாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முச்சக்கர வண்டி நின்ற இடத்தை நானாவுக்குக் காட்டினேன். மூதூர் கடந்து சம்பூர் மணல் ஒழுங்கைக்குள் நுழைந்தபோதும் சில்லுகள் புதையவில்லை. வண்டி அம்மாவின் படலையருகே நின்றது. எல்லாப் பரீட்சையிலும் தேறிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு கதவைத் திறந்து, "அம்மா, ஒருக்கா ஏறிப் பாருங்கோ," என்றேன்.

அம்மா வண்டியை மேலும் கீழும் பார்த்தார். சேலையைச் சற்றே தூக்கி, வலக்காலை உயர்த்தினார். கால் எட்டவில்லை. மறுகாலை உயர்த்தினார், முழங்கால் நோவினால் முகம் சுருங்கிற்று.

"வண்டி நல்ல வண்டிதான் தம்பி. ஆனால் யாருக்கு வாங்கினாய்?" என்று கேட்டார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. துருவைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன், புகையைப் பார்த்தேன். ஏறவேண்டியவரின் முழங்காலைப் பார்க்க மறந்துவிட்டேன். வெள்ளத்துக்காக நான் விரும்பிய அதே உயரம் அம்மாவுக்கு மதிலாய் நின்றது. நானா ஒன்றும் பேசாமல் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடியிலே அம்மா உட்கார்ந்து பாத்திரம் துலக்கும் பலகைக்கட்டை கிடந்தது. அதை எடுத்து வந்து கதவடியிலே வைத்து, அழுத்திப் பார்த்து, "இப்ப ஏறுங்கோ உம்மா," என்றார். அம்மா கட்டையிலே ஒரு கால், வண்டியிலே மறுகால் வைத்து, என் தோளைப் பற்றி ஏறி அமர்ந்தார். கண்ணாடியூடே தம் தென்னங்கன்றுகளைப் பார்த்தவர், "பொழுது படுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவாய்தானே?" என்றார்.

"விடுவேன் அம்மா," என்றேன். அந்த வாக்கைக் காப்பதற்கே அவ்வண்டியை வாங்கினேன்.

மறுவாரம் பெயர்மாற்றப் பத்திரங்களிலே கையொப்பமிட்டுப் பணம் கொடுத்தோம். கணக்குப் பார்த்தபோது கையிருப்பில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. மனைவி அதை மகளின் பெயரில் வங்கியில் இட்டாள். அப்பியாசக் கொப்பியும் எம்மிடம் வந்தது. அதிலே இப்போது என் கையெழுத்து தொடர்கிறது. கடற்கரைப் பக்கம் சென்று வந்த ஒவ்வொரு முறையும் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுகிறேன்.

வாசக நேயர்களே, பழைய வண்டி வாங்க எண்ணுவோர் மினுக்கத்தில் மயங்காதீர், அவசரப்படாதீர், அறிந்தவர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். யார் ஏறப் போகிறாரோ அவரையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். எங்கள் ஜீப்பின் பின்புறத்திலே கிணற்றடிக் கட்டை இன்றும் கிடக்கிறது. வண்டியை எப்பொழுதாவது விற்க நேர்ந்தாலும், அந்தக் கட்டையை நான் கொடுக்கமாட்டேன்.